முன்னாள்னு எழுதாதீங்க ரைட்டரே

அந்த எடத்துல "முன்னாள்"னு எழுதாதீங்க ரைட்டரே. சித்த பேனாவ நிறுத்துங்க. தொழில்னு கேட்டிருந்தா "தலைவர்"னு மட்டும் எழுதுங்க. கீரிக்காட்டுவலசு ஊராட்சித் தலைவர், அவ்வளவுதான். உள்ளுக்கு உக்காந்திருக்கற அதிகாரி ஏதாச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.

எனக்கு அவசரமில்லீங்க. கடைசி நாளுன்னாலும் மூணு மணி வரைக்கும் வேட்புமனு வாங்குவாங்க, இப்ப பன்னெண்டரைதான ஆகுது. உங்களுக்கும் புங்கமர நெழலு இருக்குது, காலையில இருந்து கத்திக் கத்தித் தொண்டை வேற கட்டிக்கிச்சுங்கறீங்க. நீங்க பேச வேண்டாம், நான் சொல்றதக் கேட்டாப் போதும். உங்க கை பட்ட வேட்புமனு தள்ளுபடியே ஆகாதுன்னு ஊருல சொன்னாங்க. பத்திர ஆபீசுல முப்பது வருசம் எழுதினவராமா நீங்க. அதை உட்டு வந்து எட்டு வருசம் ஆச்சுன்னும் சொன்னாங்க. ஆனா நான் வந்ததும் வராததுமா உங்கள என்னன்னு கூப்பிட்டேன்? "ரைட்டரே"ன்னு கூப்பிட்டேன். "முன்னாள் ரைட்டரே"ன்னு கூப்பிட்டனா? அதுதானுங்க மரியாதை. எங்க ஊருல ஒருத்தனுக்கும் அது தெரியல. அதுக்காகத்தான் நான் எலெக்சன்லயே நிக்கறேன்னு வெச்சுக்கங்களேன்.

பத்து வருசம் முன்னால எங்க ஊராட்சியப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. நான் அதுக்கு மூணு வருசம் முந்தியே தலைவருக்கு நிக்கறதுன்னு முடிவு பண்ணி, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையா எடுத்து அடுக்கி வெச்சிருந்தேன். கவர்மெண்டு இப்படிப் பண்ணிப்போட்டுது. சரி, துணிய வீணாக்க முடியுங்களா? என்ற சம்சாரத்த நிக்க வெச்சேன். பாவாத்தாள்னு பேரு. அதா, குழாயடிக்குப் பக்கத்துல பொம்பளைங்க நடுவுல நிக்கறா பாருங்க, பச்சைச் சேலை, அவதான். நோட்டீசுல என்ற போட்டோவப் பெருசாவும் அவ போட்டோவ ஓரத்துலயும் போட்டேன். யாருக்கு ஓட்டுப் போடறோம்னு ஜனங்க கொழம்பிறக் கூடாதுல்லங்க. செயிச்சா. செயிச்சோம். நான்தான் செயிச்சேன்.

பதவியேத்த அன்னைக்கு உறுதிமொழிய அவ படிச்சா. சட்டப்படி அவதான் படிக்கோணுமாம். மாலை எனக்குப் போட்டாங்க. வெளிய வந்தா ஊரே நின்னு "தலைவரே, தலைவரே"ங்குது. ரைட்டரே, உங்ககிட்டப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது. நாப்பத்தஞ்சு வருசமா "நாச்சிமுத்து", "டேய் நாச்சி"ன்னு கூப்பிட்ட ஊரு அது. எங்கப்பன் கூட என்னைய முழுப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. மாலைப் பூவு கண்ணுல பட்டுருச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அவளையா? அவள "அம்மா"ன்னு கூப்பிட்டாங்க. அதுவும் மரியாதைதானுங்களே.

அஞ்சு வருசம் ஓய்வே இல்லாம ஒழைச்சேனுங்க. எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை கடை தொறப்பு. ரிப்பன் வெட்டி வெட்டிக் கட்டைவெரலு காச்சுப் போச்சு. அவளுக்கு வேலைன்னு ஒண்ணும் இல்ல. சும்மா இருக்கறவ என்ன பண்ணுவா? விடிஞ்சதும் மோட்டார் ரூமுக்குப் போயிருவா. மேக்கு வீதிக்குத் தண்ணி ஏறலைன்னா, ஏறற வரைக்கும் அங்கயே நிப்பா. மோட்டார் எரிஞ்சு போனா மெக்கானிக்க அவளே போயிக் கூட்டிட்டு வந்து, அவன் கழட்டி மாட்டற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்துக்குவா. நூறு நாள் வேலைக்காரிங்களோட காட்டுல சோத்துப் போசியத் தொறந்து சாப்பிட்டுட்டு வருவா. எனக்கு மானம் போகும். தலைவர் ஊட்டுப் பொம்பளை செய்யற காரியமாங்க அது?

கையெழுத்துப் போடறது ஒரு நிமிசத்து வேலை. செயலரு காட்டற எடத்துல போட்டுட்டு வந்துரலாம். இவ ஒவ்வொரு தாளையும் படிப்பா. எட்டாவது படிச்சவ, எழுத்துக் கூட்டி மத்தியானம் வரைக்கும் படிப்பா. செயலருக்குக் கடுப்பாப் போயிரும். "தலைவரே, அம்மாகிட்டச் சித்த சொல்லுங்க"ன்னு என்கிட்டத்தான் வந்து அழுவாரு. நானும் சொன்னேன்.

"படிக்காமப் போடறதுன்னா என்ற கையி எதுக்குங்க மாமா? ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சுக்கங்க"ன்னா.

நல்ல யோசனைதான்னு நானும் போயி விசாரிச்சேனுங்க. சட்டத்துல எடமில்லையாமா.

சரி, அஞ்சு வருசம் முடிஞ்சுது. அடுத்த வாட்டியும் பொம்பளைங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்க. எனக்குச் சந்தோசம். நோட்டீசுக்குப் புதுசா போட்டோவே எடுத்துட்டேன். இவ மாட்டேன்னுட்டா. "இந்த வாட்டி நான் வரலீங்க மாமா. நின்னா நான் தலைவரா இருக்கோணும். நீங்க தலைவரா இருக்கறதுக்கு என்ற பேரு எதுக்கு"ன்னா. என்ன சொல்றான்னே எனக்கு வெளங்கல. மோட்டார் ரூமுல நின்னு நின்னு முட்டி தேஞ்சு போச்சாட்ட இருக்குது, சலிப்புல பேசறான்னு உட்டுட்டேன். அந்த நேரம் பாத்து நம்ம பங்காளி திருமூர்த்தி அவன் சம்சாரம் லோகநாயகிய நிக்க வெச்சுச் செயிச்சுப்போட்டான். அதா, அந்தப் பக்கத்து மேசையில முழங்கை வரைக்கும் சட்டைய மடிச்சு உட்டுட்டு நிக்கறான் பாருங்க, அவன்தான். அவனும் இந்த வாட்டி சொந்தப் பேருல நிக்கறானாமா. அவனத் திரும்பிப் பாக்காதீங்க, தன்னையத்தான் பேசறோம்னு நெனச்சுக்குவான்.

என்ற கஷ்டம் அங்கதானுங்க ஆரம்பிச்சுது.

மொத மாசம் ஒண்ணும் தெரியல. டீக்கடை மாரப்பன் "வாங்க தலைவரே"ன்னுதான் சொன்னான். ரெண்டாம் மாசம் ஒரு நாள் "வாங்க பழைய தலைவரே"ன்னான். பழைய சோறு இருக்குது, பழைய சைக்கிள் இருக்குது. பழைய தலைவரு என்னங்க கணக்கு? "ஏப்பா மாரப்பா, உங்கப்பன் போயி ஆறு வருசம் ஆச்சே, அவரைப் பழைய அப்பன்னா சொல்றே?"ன்னு கேட்டேன். கடையில நாலு பேரு சிரிச்சாங்க. அன்னையில இருந்து "வாங்கண்ணா" ஆயிப்போச்சு. அண்ணன்னா என்ன கொறைச்சல்னு நீங்க நெனைக்கலாம். அவன் கறிக்கடைக்காரன அண்ணாங்கறான், கரண்டு பில்லுக்காரன அண்ணாங்கறான். அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். அடுத்த வருசம் "ஏனுங்க"ன்னு ஆச்சு. அதுக்கடுத்த வருசம் வாயே தொறக்கறதில்ல. டீயக் கொண்டாந்து டொக்குன்னு வெச்சுட்டுப் போயிருவான். ஆனா இவ அந்தப் பக்கம் போனா மட்டும் கடைய உட்டு எறங்கி வந்து நின்னு பேசுவான். பொம்பளைங்ககிட்டக் கொழையற ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன்.

எறங்குன தலைவரை எப்படிக் கூப்பிடறதுன்னு ஒரு முறை இருக்குதுங்க. கவர்மெண்டு எழுதி வெக்கல, அதனால நான் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். நேருக்கு நேரு பாத்தா பதவியச் சொல்லித்தான் கூப்பிடோணும். "முன்னாள்"ங்கறது ஆளு அந்தப் பக்கம் போனதுக்கு அப்பறம் சொல்ற சொல்லு. பத்திரிகையில அடிச்சே தீரோணும்னா பொடி எழுத்துல அடிக்கலாம், பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கறவன் பாத்துக்கட்டும். வாத்தியாரு ரிட்டையர்டு ஆனா வாத்தியாரு இல்லைன்னு ஆயிருமா? டாக்டர "முன்னால ஊசி போட்டவரே"ன்னா கூப்பிடறோம்? பேரோட ஒரு தடவை ஒட்டுனதப் பிச்சு எடுத்தா சதையும் சேந்துதானுங்களே வரும். வலிக்குதுங்க. வெளிய சொன்னாச் சிரிப்பாங்க, ஆனா வலிக்குது.

அந்த நோட்ட எங்கூட்டுல இவகிட்டப் படிச்சுக் காட்டினேன். புளி உரிச்சுட்டு இருந்தா. முழுசும் கேட்டுப்போட்டு, "இதுல என்னைய எப்படிக் கூப்பிடறதுன்னு எங்கீங்க மாமா எழுதியிருக்குது?"ன்னு கேட்டா. உனக்கெதுக்குப் புள்ள அதெல்லாம்னேன். அவ மறுபடியும் புளி உரிச்சா.

போன தையில என்ற அக்கா மகனுக்குக் கல்யாணம். தாய்மாமன் நானு. பத்திரிகைய நீட்டுனாங்க. பிரிச்சுப் பாக்கறேன், "திரு. நாச்சிமுத்து அவர்கள்"னு போட்டு அதுக்குக் கீழ, "முன்னாள் தலைவர் அவர்களின் கணவர்"னு அடிச்சிருக்குது. நான் நெனச்சே பாக்காத பதவிங்க அது. மாப்பிள்ளையக் கூப்பிட்டுக் கேட்டா, "உண்மை அதுதானுங்களே மாமா"ங்கறான். ஏம்ப்பா, உண்மைய எவன் கல்யாணப் பத்திரிகையில அடிக்கறான்? பொண்ணு அழகுன்னு அடிச்சிருக்கறயே, பையன் ஒழுக்கம்னு அடிச்சிருக்கறயே, அங்கெல்லாம் உண்மை எங்க போச்சுன்னு கேட்டேன். அக்கா என்கிட்ட ரெண்டு மாசம் பேசல.

மண்டபத்துல நடந்தத விடவா. தாலி கட்டி முடிஞ்சதும் மைக்குல ஒரு தம்பி, "நம்ம தலைவரு வந்திருக்காங்க, மேடைக்கு வந்து மணமக்கள வாழ்த்தோணும்னு கேட்டுக்கறோம்"ன்னான். எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு. துண்ட ஒதறிப் போட்டுட்டு இந்தப் பக்கமிருந்து நான் எந்திரிச்சேன். அந்தப் பக்கமிருந்து திருமூர்த்தி எந்திரிச்சுட்டான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படியில கால வெச்சோம்.

"ஏனுங்க பங்காளி, நீங்க எறங்கி நாலு வருசம் ஆச்சுங்களே"ங்கறான் அவன், சிரிச்ச மொகத்தோட.

"எறங்கறதுன்னா ஏறினவன்தான் எறங்க முடியும். நீ ஏறவே இல்லியே, உன்ற பொண்டாட்டிதான ஏறியிருக்கறா"ன்னேன். என்ன துணிச்சல் பாருங்க அவனுக்கு. சம்சாரத்தோட பதவிய எடுத்து மாட்டிக்கிட்டு வெக்கமில்லாம முன்னால வந்து நிக்கறான்.

அதுக்குள்ள மைக்குத் தம்பி எறங்கி வந்து மெதுவா, "பாவாத்தாள் அம்மாவத்தானுங்க கூப்பிட்டோம்"ன்னான். பொண்ணோட அப்பன் மேக்கு வீதிக்காரனாமா, தண்ணி வந்த கதைய அவன் மறக்கலையாமா. இவ பந்தியில ரசம் ஊத்திட்டு இருந்தவ, கையத் தொடைச்சுட்டு வந்து மேல ஏறி, அரிசிய எடுத்துப் போட்டுப்போட்டு எறங்கிட்டா. நான் படியிலயே நின்னு, அவளுக்கு வழி உடறதுக்குத்தான் வந்தவனாட்ட ஒதுங்கிக்கிட்டேன். திருமூர்த்தி, பாவம், மேல ஏறிட்டான். எறங்கறதுக்குத் தெரியாம எல்லாப் போட்டோவுலயும் நிக்கறான். அவளக் கூப்பிட்டது எனக்குப் பதிலாத்தானுங்க. தாய்மாமனுக்கு ஆயிரம் வேலை இருக்கும்னு நெனச்சிருப்பாங்க.

இந்த வாட்டி எங்க ஊராட்சி பொதுவுக்கு வந்துருச்சு. பொதுன்னா இனி ஆம்பளைங்க நிக்கலாம். என்னங்க? பொம்பளைங்களும் நிக்கலாமா? நிக்கலாம் நிக்கலாம், சட்டத்துல இருக்கும். யாரு நிக்கப்போறாங்க?

உங்களுக்கு மட்டும் சொல்றேனுங்க. ரோடு போடோணும், சாக்கடை கட்டோணும், அதெல்லாம் போட்டுரலாம், கட்டிரலாம். ஆனா எனக்கு வேணும்கறது அந்த ஒரு வார்த்தைதான். என்ற பேருல வரோணும். செயிச்சு ஒரே ஒரு வாட்டி இருந்துட்டு எறங்கிட்டாக் கூட, நாளைக்கு நான் போயிச் சேந்தா நோட்டீசுல "முன்னாள் தலைவர்"னு அடிப்பாங்க. அப்ப முன்னாள்னு அடிச்சா நான் சண்டைக்கு வரமாட்டேன். கணவர்ங்கற வாலு இல்லாம இருந்தாப் போதும்.

சரி, எழுதுங்க. வயசு அம்பத்தஞ்சு. முன்மொழியறவரா? அதுக்கென்னங்க, என்ற சம்சாரந்தான். காலையில நான் கெளம்பறப்பவே, "நானும் வரேனுங்க மாமா, எனக்கும் அங்க ஒரு கையெழுத்து இருக்குது"ன்னு நல்ல சேலையக் கட்டிட்டு வந்து வண்டியில உக்காந்துட்டா. நான் கேக்காமயே தெரிஞ்சு வெச்சிருக்கறா பாருங்க. அந்த மட்டுல கொணமான பொம்பளை.

ஏனுங்க பேனாவ மூடி வெச்சுட்டீங்க?

இது என்னங்க தாளு, எனக்கு எதுக்கு நீட்டறீங்க? இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். கீரிக்காட்டுவலசு ஊராட்சி... வேட்பாளர் பெயர், பாவாத்தாள். கணவர் பெயர், நாச்சிமுத்து.

இது உங்க கையெழுத்தாட்ட இருக்குதே ரைட்டரே.

எப்ப? பதினோரு மணிக்கா? நான் அந்த வாசல்ல நின்னு நாலு பேத்துகிட்ட ஆதரவு கேட்டுட்டு இருந்தேனே, அப்பவா? அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நேரம் நான் பேசறதக் கேட்டுட்டு உக்காந்திருந்தீங்களா? தொண்டை கட்டிக்கிச்சு, சரி. தலையாட்டறதுக்கு என்ன வந்துச்சு?

முன்மொழிஞ்சது யாரு? மாரப்பனா? எங்க ஊரு டீக்கடை மாரப்பனா?

தொழில்ங்கற எடத்துல என்ன எழுதியிருக்குது. "முன்னாள் தலைவர்." அவளே சொன்னாளா? நீங்க கேக்காம அவளே சொன்னாளா? ஒரு கூச்சம் இல்லாம, முன்னாள்னு.

சித்த தண்ணி இருந்தாக் குடுங்க.

"நின்னா நான் தலைவரா இருக்கோணும்"னா. அஞ்சு வருசம் முன்னால சொன்னா. இப்பத்தானுங்க வெளங்குது. முட்டி வலின்னு நெனச்சு நான் தைலம் வாங்கிக் குடுத்தேன். அவளும் வாங்கித் தேச்சுக்கிட்டா.

என்னங்க சொல்றீங்க, சைகை பண்ணாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க. ரெண்டாவது பக்கத்துல ஒரு கையெழுத்து உட்டுப்போச்சா? இதுல இவ போட்டுத்தான் உள்ளுக்குக் குடுக்கோணுமா? போடாமக் குடுத்தாத் தள்ளுபடியா. அப்ப உங்க கை பட்டும் தள்ளுபடி ஆகுமாட்ட இருக்குது.

நான் கூப்பிடறதா? நானா?

உங்க சத்தம் அங்க வரைக்கும் போகாது, தெரியுது. மேசைய உட்டுட்டு நீங்க எந்திரிச்சுப் போகவும் முடியாது, இத்தனை பேரு தாளு இதுல கெடக்குது. அப்ப நான் கூப்பிட்டாத்தான் உண்டு. கூப்பிடலைன்னா? மூணு மணிக்கு மேல வாங்க மாட்டாங்க, இல்லீங்களா? நீங்க கூப்பிடுவீங்கன்னு அவ அங்கயே நின்னுட்டு இருப்பா, கையெழுத்து உட்டுப்போனது அவளுக்குத் தெரியவும் தெரியாது. ரைட்டரு மறந்துட்டாருன்னு நெனச்சுக்குவா. உங்க மேல கூடக் கோவிக்க மாட்டா. அவ கொணம் அது. மோட்டார் எரிஞ்சப்பவும் ஒருத்தனையும் திட்டுனதில்ல, பக்கத்துல உக்காந்து சரி பண்ண வெச்சுட்டுத்தான் எந்திரிப்பா.

அப்படிப் பாக்காதீங்க ரைட்டரே. நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. மனசுல வந்ததச் சொன்னேன், அவ்வளவுதான்.

என்ற மனுவ அப்படியே வெய்ங்க. முன்மொழியற எடம் காலியா இருக்குதுல்ல. இருக்கட்டும்.

ஏ புள்ள. ஏ புள்ள, இங்க வா.

காதுல உழுகல. அந்தப் பொம்பளைங்க என்னமோ கேட்டுட்டு இருக்கறாங்க, இவ தலையாட்டிட்டு இருக்கறா. பாவாத்தா. ஏ பாவாத்தா.

திரும்பவே மாட்டேங்கறா பாருங்க. வேணும்னே இல்லீங்க. இருபது பேரு சுத்தி நின்னு "தலைவரே, தலைவரே"ங்கறாங்க, அதுல என்ற "புள்ள" எங்க போயி ஏறப்போகுது. இத்தனை வருசமா நான் அந்தப் பேருல அவள ஒரு வாட்டி கூப்பிட்டிருந்தா, என்ற குரலுல அதக் கேட்டுப் பழக்கமாச்சும் இருந்திருக்கும்.

இருங்க. துண்டத் தோளுல இருந்து எடுத்துக்கறேன்.

தலைவரே.

தலைவரே, இங்க சித்த வாங்க. ஒரு கையெழுத்து உட்டுப்போச்சாமா.

பாத்தாச்சு. வராங்க.

உன்னைய இல்லப்பா திருமூர்த்தி, நீ உக்காரு. நான் தலைவரைக் கூப்பிட்டேன்.